முழுக்கைச் சட்டை

ஜனவரி 8

அன்புள்ள தம்பி,

தொண்டை எப்படி இருக்கு? முதல்ல அதை எழுது. போன கடிதத்துல நாலு பக்கம் அளந்துட்டு, தொண்டையைப் பத்தி ஒரு வரி எழுதலை. காலமெல்லாம் கண்டக்டரா பஸ்ஸுல கத்தினவனுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் காத்து மட்டும்தான் வருதுன்னா அக்காவுக்குக் கவலை இருக்காதா? போன்ல பேசலாம்னா நான் பேசப் பேச நீ மேஜையைத் தட்டறே. ஒரு தட்டுன்னா நிறுத்து, ரெண்டு தட்டுன்னா போகலாம்னு பஸ்ஸைத் தட்டின பழக்கம் உன்னை விடலை. இந்த வம்பே வேணாம்னுதான் பேனாவை எடுத்துட்டேன்.

இங்க ஒரு சமாச்சாரம். நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க்கிட்டிருக்கேன். பயந்துடாதே, யாரும் பிடிச்சுக்கிட்டுப் போகலை. ஊர்க்காரங்களை வச்சே ஒரு கமிட்டி போட்டிருக்காங்க. லாக்கப்புல இருக்கறவங்களை அடிக்காம, பட்டினி போடாம வச்சிருக்காங்களான்னு நாங்க போய்ப் பார்க்கணும். சம்பளம் கிடையாது. ரெண்டு ரெண்டு பேரா, சொல்லாம கொள்ளாம போகணும். எப்ப போறோம்னு வீட்டுல கூட வாய் திறக்கக் கூடாது. உள்ளே இருக்கறவர் என்ன செஞ்சார்னு கேட்கக் கூடாது. சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா, யாராவது அடிச்சாங்களா, இதுதான் கேள்வி. கேட்டதையும் பார்த்ததையும் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்.

எனக்கு ஜோடி நம்ம மருந்துக்கடைக்காரர். அவர் கேட்கறவர், நான் பார்க்கறவள். தையல்காரி கண்ணுக்கு எதுவும் தப்பாதுன்னு கமிட்டித் தலைவி அம்மாவே சொல்லிட்டாங்க. அவங்க ரிட்டயர் ஆன தலைமை நர்ஸ், லேசுல யாரையும் புகழமாட்டாங்க. இதுக்காகப் போலீஸ் யூனிஃபார்ம் தைக்கறதை விட்டுட்டேன். இன்ஸ்பெக்டர் இடுப்பு அளவு இனிமே எனக்குத் தெரியாது. கடைசியா தெரிஞ்சதையும் வெளியில சொல்லமாட்டேன்.

உனக்கு எதுக்கு இந்த வேலைன்னு கேட்பே. பின் தெருப் பழக்கடைக்காரர் போன வருஷம் உள்ளே போய்ட்டு வந்ததுலேர்ந்து அவருக்கு ஒரு காது கேட்கறதில்லை. மாடிப்படியில விழுந்தார்னு எழுதி முடிச்சுட்டாங்க. அந்த ஸ்டேஷன்ல மாடியே கிடையாதுடா.

உடம்பைப் பார்த்துக்கோ. வெந்நீர் குடி.

உன் அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

தொண்டை பழையபடிதான். டாக்டர் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு 'ம்' சொன்னார். அந்த 'ம்' கூட எனக்கு வரலை. உனக்கு முழங்கால் வலி எப்படி? மெஷினுக்கு மோட்டார் வைன்னு எத்தனை தடவை சொல்றது?

டிப்போவில என்னைத் தொலைஞ்ச சாமான் அறையில உட்கார வச்சுட்டாங்க. ஜன்னல் இல்லாத அறை, மேலே ஒரு டியூப்லைட் கண்ணைச் சிமிட்டிக்கிட்டே இருக்கும். சுத்தி குடை, டிபன் பாக்ஸ், ஒத்தைச் செருப்பு. போன வாரம் ஒரு பல்செட் வந்தது. தேடி வந்தவர் வாயைப் பொத்திக்கிட்டு நிக்கறார், நான் பேச முடியாம நிக்கறேன். ஒருவழியா சைகையிலயே வியாபாரம் முடிஞ்சது.

நீ கமிட்டியில சேர்ந்தது எனக்குப் பெருமைதான். ஆனா இப்ப நான் சொல்றதைக் கேட்டு மெஷினை நிறுத்திட்டு உட்காரு. நம்ம பையன் நெட்டைக்குப் போலீஸ்ல போஸ்டிங் வந்துடுச்சு. எங்கேன்னு நினைக்கறே? உன் தெருக்கோடி ஸ்டேஷன்தான். ரெண்டு தடவை பரீட்சையில கோட்டை விட்டு, மூணாவது தடவை வாங்கின வேலை அக்கா. அவங்கம்மா அழுதுட்டா, நான் சத்தமில்லாம அழுதேன். வேலை நிரந்தரமாகற வரைக்கும் அவன் மேல ஒரு சொல் வரக் கூடாது. உன் மாடி அறையிலயே இருக்கட்டும். நீ பக்கத்துல இருக்கேன்னா எனக்கு நிம்மதி.

உன் கமிட்டிக்கு இது இடைஞ்சலா இருக்குமோ? இருந்தா மறைக்காம எழுது.

தம்பி


பிப்ரவரி 9

அன்புள்ள தம்பி,

நெட்டை வந்து சேர்ந்துட்டான். நிலைப்படியில தலையை இடிச்சுக்கிட்டேதான் உள்ளே வந்தான். இன்னும் வளர்றானா என்ன? கட்டில்ல கால் வெளியில நீட்டிக்கிட்டிருக்குன்னு ஒரு ஸ்டூலைப் போட்டுக் கொடுத்திருக்கேன். உன் வீட்டுக்காரிகிட்ட சொல்லு, நல்லா சாப்பிடறான், நல்லா தூங்கறான்.

தலைவி அம்மாகிட்ட அன்னைக்கே போய்ச் சொல்லிட்டேன். உங்க தம்பி பிள்ளை டூட்டியில இருக்கற நேரத்துல நீங்க போகக் கூடாது, மத்த நேரத்துல போகலாம்னாங்க. அப்படித்தான் போறேன். நான் கமிட்டி அடையாள அட்டையைப் பையில எடுத்து வச்சா அவன் முகத்தைத் திருப்பிக்கிட்டு, 'நான் எதையும் பார்க்கலை அத்தை'ன்னு சிரிப்பான்.

கடையில வாங்கின சட்டை எதுவும் அவன் கைக்குப் பத்தலை, எல்லாம் மணிக்கட்டுக்கு மேலயே நின்னுடுது. நீலக் கட்டம் போட்ட துணியில முழுக்கைச் சட்டை ஒண்ணு தச்சேன். தோள்ல கட்டம் சேரலைன்னு ரெண்டு தடவை பிரிச்சுத் தச்சேன். போட்டுக்கிட்டு, 'என் கைக்கு முதல் தடவையா முழுச் சட்டை கிடைச்சிருக்கு'ன்னான். கண் கலங்கிடுச்சுடா எனக்கு.

கடைக்குப் புது போர்டு எழுத நம்ம தெருப் பெயிண்டரைப் பிடிச்சிருக்கேன். மனுஷன் சுண்டுவிரலை போர்டுல ஊன்றிக்கிட்டு எழுதற அழகைப் பார்த்தா எனக்கு வேலையே ஓடலை. பாதி முடிஞ்சிருக்கு.

தொண்டைக்கு வேற டாக்டரைப் பார்த்தா என்ன?

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அவங்கம்மா மூணு தடவை படிச்சா. நான் ஒரு தடவைதான் படிச்சேன், ஆனா பொறுமையா படிச்சேன். நெட்டையும் எழுதியிருக்கான். அத்தை வீட்டுல ராஜா மாதிரி இருக்கேன், ஸ்டேஷன்ல கடைநிலைன்னு எழுதியிருக்கான். சப்-இன்ஸ்பெக்டர் கொஞ்சம் கறாராம். எந்த வேலையில மேலதிகாரி இனிப்பா இருந்தான்? சொன்னதைச் செஞ்சுட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருடான்னு பதில் போட்டிருக்கேன்.

வேற டாக்டரும் டார்ச்தான் அடிப்பார். உன் முழங்காலைப் பார்.

தம்பி


மார்ச் 14

அன்புள்ள தம்பி,

உடம்பு எப்படி இருக்கு? இங்க எல்லாரும் இருக்கோம்.

ஒண்ணு கேட்கணும்னு தோணுச்சு. நெட்டை சின்னவனா இருக்கும்போது யாரையாவது அடிச்சிருக்கானா? ஸ்கூல்ல, தெருவுல, எங்கேயாவது? சும்மாதான் கேட்கறேன். தன் சாமானை யாருக்காவது தூக்கிக் கொடுக்கற பழக்கம் உண்டா? அதையும் எழுது.

வெயில் ஜாஸ்தியா இருக்கு. போர்டு பாதியில நிக்குது. பெயிண்டர் வரலை.

அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்ததுலேர்ந்து எனக்குச் சாப்பாடு இறங்கலை, இதுக்குத் தொண்டை காரணமில்லை. ரெண்டு பக்கத்துக்குக் குறைஞ்சு நீ எழுதி நான் பார்த்ததில்லை. இப்ப ஒரு கையளவு எழுதியிருக்கே, அதுலயும் பாதி வெயில்.

அடிச்சிருக்கானான்னு கேட்டே. ஆறாவது படிக்கும்போது ஒருத்தனைத் தள்ளிவிட்டு அவன் உதடு கிழிஞ்சுது. அன்னைக்கு முழுக்க நெட்டை சாப்பிடலை. தூக்கிக் கொடுக்கறதைக் கேட்டே. மழையில குடையைக் கொடுத்துட்டு நனைஞ்சு வர்ற ரகம்தான். அவங்கம்மா திட்டாத நாள் இல்லை. போதுமா?

இப்ப நீ சொல்லு. என்ன ஆச்சு? அவன் எதுலயாவது மாட்டிக்கிட்டானா? எனக்குத் தெரியக் கூடாதுன்னு நினைக்கறியா? ஆபரேஷன் பண்ணது தொண்டையிலதான், நெஞ்சு நல்லாத்தான் இருக்கு. உடனே பதில் போடு.

தம்பி


ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

தபால்காரர் எங்க தெருவைத் தாண்டிப் போறதை தினமும் வாசல்ல நின்னு பார்க்கறேன். உனக்கு உடம்பு சரியில்லையா? போன் பண்ணேன். நீ எடுத்தே, நான் மேஜையைத் தட்டினேன், நீ 'மெஷின் ஓடுது'ன்னு வச்சுட்டே. மெஷின் சத்தமே கேட்கலையேக்கா.

நெட்டை ஒரு கார்டு போட்டிருந்தான். நலம்னு ஒரு வரி. அதுக்குக் கீழே, 'அத்தை என்கிட்ட சரியா பேசறதில்லை, ஏன்னு தெரியலை'ன்னு எழுதி, அதை அடிச்சிருக்கான். அடிச்சதைப் படிக்க முடியாதுன்னு நினைச்சுட்டான் போல.

அவங்கம்மாகிட்ட இன்னும் ஒண்ணும் சொல்லலை. சொல்ல எனக்கே ஒண்ணும் தெரியாதே. பயமா இருக்குக்கா. எழுது.

தம்பி


ஏப்ரல் 23

அன்புள்ள தம்பி,

உன் ரெண்டு கடிதமும் தலையணைக்கு அடியில இருக்கு. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். இப்ப எழுதிடறேன். உட்கார்ந்து படி.

மார்ச் மாசம் ஒரு நாள் காலையில நெட்டை நைட் டூட்டி முடிஞ்சு வந்து படுத்ததுக்கு அப்புறம், நானும் மருந்துக்கடைக்காரரும் ஸ்டேஷனுக்குப் போனோம். லாக்கப்புல நம்ம பெயிண்டர் உட்கார்ந்திருந்தார். பெயின்ட் அடிச்ச கடையில ஏதோ காணாமப் போச்சாம், இவர் மேல சந்தேகமாம். அவர் போட்டிருந்தது நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை. சட்டைக்கை விரல் நுனியையும் தாண்டித் தொங்குது. தோள்ல கட்டம் சேர்ற இடத்தைப் பார்த்தேன். என் கை தச்சதுடா அது. 

மருந்துக்கடைக்காரர், 'யாராவது அடிச்சாங்களா?'ன்னார். பெயிண்டர் என்னைப் பார்த்தார். கதவுகிட்ட நின்ன சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். 'இல்லை, வழுக்கி விழுந்தேன்'னார். எங்க விழுந்தீங்கன்னு கேட்டிருக்கணும். சட்டைக்கையை மடிச்சுவிடுங்கன்னு நான் சொல்லியிருக்கணும். நான்தானே பார்க்கறவள். சொல்லலை. சொன்னா இது யார் சட்டைன்னு கேள்வி வரும். வெளியில வந்ததும் மருந்துக்கடைக்காரர், 'உங்க கண்ணுக்கு ஏதாவது பட்டுச்சா?'ன்னார். இல்லைன்னேன். என்னை நம்பித்தான் அவர் கையெழுத்துப் போட்டார். குறை எதுவும் இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்தோம்.

அன்னைக்கு மத்தியானம் நெட்டை எழுந்து வந்து என் மெஷினுக்கு எதிர்ல உட்கார்ந்தான். என் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தான். எனக்குத் தெரிஞ்சுபோச்சான்னு வேவு பார்க்கறான்னு நினைச்சேன். தட்டை அவன் முன்னாடி வச்சுட்டு மெஷினை மிதிச்சேன். ரெண்டு மூணு நாள் அப்படியே வந்து வந்து உட்கார்ந்தான். அப்புறம் வர்றதில்லை.

திருடினது வேற ஆளுன்னு பெயிண்டரை விட்டுட்டாங்க. வலது மணிக்கட்டுல கட்டோட தெருவில போறார். பிரஷ் பிடிக்க முடியலையாம். என் கடையைத் தாண்டும்போது அவர் போர்டைப் பார்க்கறதில்லை, என்னையும் பார்க்கறதில்லை.

அவன் ஏன் தன் சட்டையை அவருக்குப் போட்டுவிட்டான்? அடிச்சதை மறைக்கவா, அடிபட்டவர் மேல இரக்கப்பட்டா? கேட்க எனக்குத் தைரியம் வரலை. அடிச்சேன்னு அவன் சொல்லிட்டா அப்புறம் அவனுக்கு எப்படிச் சோறு போடுவேன்? தலைவி அம்மாகிட்ட போய் உண்மையைச் சொல்லலாம்னு தினமும் செருப்பைப் போடறேன், கழட்டறேன். நீ என்ன சொல்றே?

அக்கா


ஏப்ரல் 30

அக்கா,

ஒரு தட்டு. நிறுத்து. எங்கேயும் போகாதே.

அவன் அடிச்சிருக்கமாட்டான். அடிச்சிருந்தாலும் மேலதிகாரி சொல்லாம செஞ்சிருக்கமாட்டான். சொன்னதைச் செஞ்சுட்டுத் தலையைக் குனிஞ்சுக்கோன்னு அவனுக்கு எழுதினவன் நான்தான். அதுக்கு அவனைத் தூக்குல போடுவியா? பெயிண்டருக்கு நான் வந்து எது வேணும்னாலும் செய்யறேன், கால்ல விழச் சொன்னாலும் விழறேன். என் குரல்தான் போச்சு, அவன் வேலையும் போச்சுன்னா இந்த வீட்டுல அப்புறம் என்ன இருக்கு?

நீ அத்தையா, கமிட்டியா? யோசிச்சு எழுது. யோசிக்காம எதுவும் செஞ்சுடாதே.

தம்பி


மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதத்துல உன் முழங்காலைக் கூட விசாரிக்கலை. எப்படி இருக்கு? என் மேல கோபமா இருப்பே. இரு. ஆனா இதைப் படிச்சுட்டுக் கோபப்படு.

நெட்டை லீவுல வந்திருக்கான். இளைச்சுட்டான். நேத்து டிப்போவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவன், குடைகளுக்கு நடுவுல ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். உன் கடிதத்தை எடுத்து அவன் கையில கொடுத்தேன். படிச்சு முடிச்சுட்டு அவனே ஆரம்பிச்சான். எனக்குக் குரல் இருந்திருந்தா பாதியிலயே கத்தியிருப்பேன். கத்த முடியாததால முழுசா கேட்டேன். பெத்த பிள்ளை பேசி முடிக்கற வரைக்கும் நான் கேட்டது இதுதான் முதல் தடவைன்னு நினைக்கறேன்.

அடிச்சது சப்-இன்ஸ்பெக்டர். லத்தியால மணிக்கட்டுல. அந்தக் கையை மேஜை மேல அசையாம பிடிச்சுக்கிட்டது நம்ம பையன். பிடிடான்னார், பிடிச்சேன்பான்னான். அதைச் சொல்லும்போது தன் கையையே பார்த்தான்.

அப்புறம் சப்-இன்ஸ்பெக்டர், கமிட்டிக்காரங்க வந்தாலும் வருவாங்க, கை தெரியாத மாதிரி இவனுக்கு ஒரு முழுக்கைச் சட்டை மாட்டிவிடுன்னாராம். டூட்டிக்கு வர்றவங்க மாத்துத் துணி வைக்கற ஸ்டேஷன் பீரோவை நெட்டை திறந்தான். அதுல வேற ஒருத்தரோட முழுக்கைச் சட்டையும் இருந்துச்சாம், பெயிண்டருக்கு அளவாவே. அவன் அதை விட்டுட்டு நீ தச்சதை எடுத்தான். ஏன்னு சைகையில கேட்டேன்.

அவன் சொன்னதை அப்படியே எழுதறேன். 'முந்தின நாள் சாயங்காலம் அத்தை அட்டையைப் பையில வச்சதைப் பார்த்தேன்பா. காலையில வரும்னு தெரியும். வாயைத் திறந்து சொல்ல எனக்கு தைரியம் இல்லை. தான் தச்ச சட்டையைப் பார்த்தா அத்தை விடாது, சட்டைக்கையை மடிச்சுப் பார்க்கும், வீட்டுக்கு வந்து என் சட்டையைப் பிடிச்சுக் கேட்கும், கேட்டா சொல்லிடலாம்னு இருந்தேன். மத்தியானம் போய் எதிர்ல உட்கார்ந்தேன். மறுநாளும் உட்கார்ந்தேன். அத்தை கேட்கவே இல்லைப்பா.'

அக்கா, நீ அவனைக் காப்பாத்தறதா நினைச்சு வாயை மூடிக்கிட்டே. நான் உன்னை இன்னும் இறுக்கி மூடச் சொன்னேன். அவன் எப்ப கேட்பாங்கன்னு காத்துக்கிட்டிருந்திருக்கான்.

வெள்ளிக்கிழமை அவன் அங்க வந்து சேருவான். சனிக்கிழமை காலையில நான் போன் பண்றேன். எடு. அவங்கம்மாகிட்ட எல்லாம் சொல்லிட்டேன். அழுதா. அப்புறம் அவன் துணியைத் துவைச்சு மடிச்சு வச்சா.

தம்பி


மே 29

அன்புள்ள தம்பி,

தொண்டை எப்படி இருக்கு? என் முழங்கால் இருக்கு, அதுபாட்டுக்கு வலிக்குது.

வெள்ளிக்கிழமை நெட்டை வந்ததும் பையைக் கூட வைக்க விடலை. உட்காருடான்னேன். மெஷினுக்கு எதிர்ல உட்கார்ந்தான். 'யாராவது அடிச்சாங்களா?'ன்னு கமிட்டியில கேட்கற மாதிரியே கேட்டேன். எல்லாத்தையும் சொன்னான். ரெண்டு பேரும் அழுதோம். கேட்காத அத்தையை மன்னிச்சுடுடான்னேன். பிடிச்ச கை என்னுதுதானே அத்தைன்னான். அந்தக் கையில சோத்துத் தட்டைக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலையில கிளம்பி நிக்கறோம், போன் அடிச்சுது. எடுத்தேன். பேச்சே இல்லை. ரெண்டு தட்டு கேட்டுச்சு. நெட்டை என் கையிலேர்ந்து வாங்கிக் காதுல வச்சு, 'இன்னொரு தடவை தட்டுப்பா'ன்னான். தட்டினே. அவன் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, போகலாம் அத்தைன்னான்.

முதல்ல மருந்துக்கடைக்கு. அவர்கிட்ட பொய் சொன்னதைச் சொன்னேன். கல்லாவை மூடினார். அப்புறம் சட்டையை மாத்திக்கிட்டுக் கூட வந்தார். மூணு பேரும் பெயிண்டர் வீட்டுக்குப் போனோம். நெட்டையைப் பார்த்ததும் அவர் கதவுல கையை வச்சு மறிச்சார். அந்தக் கையைத்தான் இத்தனை நாள் நான் பார்க்காம இருந்தேன். மணிக்கட்டு கோணலா கூடியிருக்கு, சுண்டுவிரல் மடங்க மாட்டேங்குது.

நெட்டை, 'நான்தான் பிடிச்சேன். அதைச் சொல்லத்தான் போறேன்'னான். பெயிண்டர், 'பிடிச்சது எனக்குத் தெரியாதா? உன் முகத்தைத்தானே பார்த்துக்கிட்டிருந்தேன்'னார். என்கிட்ட திரும்பி, 'நீங்க அன்னைக்கு என்னைப் பார்க்கலை. சட்டையைத்தான் பார்த்தீங்க'ன்னார். நிஜம்தானே. ஊருக்கே கண்ணுன்னு பேர் வாங்கினவளுக்கு அது போதும்டா. உள்ளே போய் சட்டையை எடுத்து வந்து நெட்டை தோள் மேல போட்டார். துவைச்சு வச்சிருந்தார். செருப்பைப் போட்டுக்கிட்டு எங்ககூட தலைவி அம்மா வீட்டுக்கு நடந்தார்.

தலைவி அம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு என்னைக் கமிட்டியிலேர்ந்து எடுத்துட்டாங்க. எடுக்க வேண்டியதுதான். பெயிண்டரை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க, அடிச்ச காயம்தான்னு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கார். சப்-இன்ஸ்பெக்டர் மேல விசாரணை ஆரம்பிச்சாச்சு. நெட்டையை வேலையிலேர்ந்து நிறுத்தி வச்சிருக்காங்க. வேலை திரும்பக் கிடைக்குமா கிடைக்காதான்னு யாருக்கும் தெரியலை, பொய் நம்பிக்கை நான் கொடுக்கமாட்டேன். தெருவில ரெண்டு போலீஸ்காரங்க கடை முன்னாடி வண்டியை நிறுத்தி நிறுத்திப் பார்த்துட்டுப் போறாங்க. பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் சாப்பிடும்போது ரெண்டு பேரும் பேசிக்கிறோம்.

நேத்து விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தாங்க. அந்த நீலக் கட்டச் சட்டையையே போட்டுக்கிட்டுக் கிளம்பினான். வேற போட்டுக்கோயேன்னேன். இதுதான் அத்தை எனக்குச் சரியா இருக்குன்னான்.

போர்டு இன்னும் பாதியிலதான் நிக்குது. வேற ஆளை வச்சு முடிக்கப் போறதில்லை. உன் வீட்டுக்காரியை இங்க அனுப்பு, பிள்ளையைப் பார்த்துட்டுப் போகட்டும். நீயும் வா. பேச முடியலைன்னா என்ன, வந்து உட்காரு.

அக்கா